அரசியல்வாதி ஒருவர் புனிதராகலாமா? ஜூலியஸ் நைரேரே நினைவாக



சில ஆண்டுகளுக்கு முன்பு நான் பணியாற்றிய பங்கில், அரசியல் தலைவர் ஒருவர் இறந்த மறுநாள் இளைஞர்கள் சிலர் என்னைத் தேடி வந்தார்கள். எங்கள் பகுதிக்குச் சாலையும் பள்ளிக் கட்டடமும் வருவதற்கு உதவியவர் அவர். ஆகவே ஞாயிறு திருப்பலியில் அவருக்காக மன்றாட வேண்டும், மறையுரையிலும் இரண்டு வார்த்தை பேச வேண்டும் என்று கேட்டார்கள். நானும் சரி என்று சொல்லி, அவரைப் பற்றி நல்லதாகவே பேசினேன். திருப்பலி முடிந்து வெளியே வந்தபோது, எப்போதும் முன்வரிசையில் அமரும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "சாமி, நீங்க சொன்னதெல்லாம் உண்மைதான். ஆனா பாதிதான் சொன்னீங்க" என்றார். மேலே ஒன்றும் பேசாமல் செருப்பை மாட்டிக்கொண்டு நடந்துவிட்டார்.

அந்த மீதிப் பாதி வெகுநாள் என்னை உறுத்தியது. இறந்தவரைக் குறை சொல்லக் கூடாது என்பது நம் பண்பாடு. துக்க வீட்டில் அது அழகும் கூட. ஆனால் அரசியல் தலைவர் நம் வீட்டுப் பெரியவரைப் போன்றவர் அல்லவே! அவர் போட்ட கையெழுத்து அவர் இறந்த பிறகும் வேலை செய்துகொண்டிருக்கும். அவர் கொண்டுவந்த சட்டத்தால் ஒருவர் பள்ளிக்குப் போயிருப்பார், இன்னொருவர் சிறைக்குப் போயிருப்பார். பள்ளிக்குப் போனவரின் நன்றியை மட்டும் பீடத்தில் சொல்லிவிட்டு இறங்குவது போதுமா?

விவிலியம் இந்த விஷயத்தில் நம்மைவிட நேர்மையானது. சீராக்கின் ஞானம் நூலில் 44ஆம் அதிகாரம் தொடங்கி முன்னோரைப் புகழும் நீண்ட பகுதி ஒன்று உண்டு. இறந்தோர் நினைவு நாள்களில் அதை வாசிக்கிறோம், பெரும்பாலும் முதல் சில வசனங்களோடு நிறுத்திக்கொள்கிறோம். தொடர்ந்து 47ஆம் அதிகாரம் வரை போனால் சாலமோன் வருகிறார். அவருடைய ஞானத்தையும் செல்வத்தையும் புகழ்ந்த அதே மூச்சில், அவர் தம் பெயருக்கு ஏற்படுத்திக்கொண்ட களங்கத்தையும், அதனால் அரசு இரண்டாக உடைந்ததையும் ஆசிரியர் முகத்துக்கு நேரே சொல்கிறார். புகழ்ப் பாடலுக்குள்ளேயே கண்டனம்! தாவீதைப் பற்றிய வரலாற்றிலும் உரியாவின் கதை நீக்கப்படவில்லை, நாத்தானின் விரல் இன்னும் அவரைச் சுட்டிக்கொண்டே இருக்கிறது.

இந்த எண்ணங்களோடுதான் தான்சானியாவின் முதல் குடியரசுத் தலைவர் ஜூலியஸ் நைரேரே அவர்களை இன்று உங்கள் முன் வைக்கிறேன். நம்மில் பலர் அவர் பெயரைக் கேட்டிருக்கவே மாட்டோம். இந்திய அரசு காந்தியடிகள் பெயரால் அமைதிப் பரிசு ஒன்றை 1995ஆம் ஆண்டு தொடங்கியபோது, அதை முதலாவதாகப் பெற்றவர் இவர். 1999 அக்டோபர் 14 அன்று இலண்டன் நகர மருத்துவமனை ஒன்றில் இரத்தப் புற்றுநோயால் இறந்தார். ஆறு ஆண்டுகள் கழித்து, 2005இல், அவரது சொந்த மறைமாவட்டமான முசோமா அவரைப் புனிதர் நிலைக்கு உயர்த்துவதற்கான ஆய்வைத் தொடங்கியது. இப்போது அவர் ‘இறை ஊழியர்’ என்று அழைக்கப்படுகிறார். நாடாண்ட ஒருவர், அதுவும் நம் காலத்தில் வாழ்ந்தவர், பீடத்துக்கு வரலாமா என்ற கேள்வி ஆப்பிரிக்கத் திருஅவையில் ஏட்டளவில் நின்றுவிடவில்லை.

விக்டோரியா ஏரிக்குக் கிழக்கே புட்டியாமா என்னும் சிற்றூரில், சனாக்கி என்ற சிறிய இனக்குழுவின் தலைவர் ஒருவருக்கு 1922இல் மகனாகப் பிறந்தார். பன்னிரண்டு வயதில்தான் பள்ளியில் சேர்ந்தார். இருபத்தொரு வயதில், 1943 கிறிஸ்து பிறப்புக்கு இரண்டு நாள் முன்பு, திருமுழுக்குப் பெற்று ஜூலியஸ் ஆனார். (பிற்காலத்தில் இந்த ஜூலியஸ், சேக்சுபியரின் ஜூலியஸ் சீசர் நாடகத்தைச் சுவாகிலி மொழியில் பெயர்த்தார். ஆட்சியிலிருப்பவர் கொடுங்கோலரானால் என்ன நேரும் என்பது பற்றிய நாடகத்தை, ஆட்சியில் அமர்ந்துகொண்டே பெயர்ப்பதற்கு ஒரு தைரியம் வேண்டும்தானே!) உகாண்டாவின் மக்கரேரேயிலும் பிறகு எடின்பரோவிலும் படித்துத் திரும்பி, தார் எஸ் சலாமுக்கு அருகே புகு என்னுமிடத்தில் இருந்த கத்தோலிக்கப் பள்ளியில் ஆசிரியரானார். 1954இல் தாங்கானிக்கா ஆப்பிரிக்க தேசிய ஒன்றியம் என்ற கட்சி அவர் தலைமையில் உருவானது. அடுத்த ஆண்டே அரசியலா, ஆசிரியப் பணியா என்ற கட்டாயம் வந்தது. வேலையை விட்டார். ஆனாலும் மக்கள் அவரைக் கடைசிவரை ‘ம்வாலிமு’ என்றே அழைத்தார்கள். சுவாகிலியில் ஆசிரியர் என்று பொருள்.

1961 டிசம்பர் 9 அன்று, பெரிய இரத்தக்களரி ஏதுமின்றி, நாடு விடுதலை பெற்றது. அதற்குச் சில வாரங்கள் முன்பு நடந்த ஒன்றை நம் மக்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். புதிய நாட்டின் குடியுரிமை ஆப்பிரிக்க இனத்தவருக்கு மட்டுமே என்று அவருடைய கட்சிக்காரர்களே சட்டமன்றத்தில் வற்புறுத்தினார்கள். அங்கே இந்திய வம்சாவளியினர் பெருந்திரளாக வாழ்ந்தார்கள். வணிகம் பெரும்பாலும் அவர்கள் கையில் இருந்தது, ஆகவே மக்களிடையே மனக்கசப்பும் இருந்தது. அந்தக் கசப்பைத் தூண்டியிருந்தால் கைதட்டல் வாங்கியிருக்கலாம். நைரேரே எழுந்து, தோலின் நிறத்தை வைத்துக் குடிமக்களைப் பிரிப்பது தாங்கள் எதிர்த்துப் போராடிய அதே பாவம்தான் என்று கடுஞ்சினத்தோடு பேசினார். இதை ஏற்காவிட்டால் அரசு பதவி விலகும் என்றும் எச்சரித்தார். சட்டம் அவர் விரும்பியபடியே நிறைவேறியது. அமீர் ஜமால் என்ற இந்திய வம்சாவளியினர் பிற்காலத்தில் நிதியமைச்சராக நெடுங்காலம் பணியாற்றினார். பத்து ஆண்டுகள் கழித்துப் பக்கத்து நாட்டில் இடி அமீன் இந்தியர்களை மூட்டை முடிச்சோடு விரட்டியதை எண்ணிப் பார்த்தால் அந்த உரையின் அருமை விளங்கும்.

120க்கும் மேற்பட்ட இனக்குழுக்கள், ஏறத்தாழ சம வலிமையில் கிறிஸ்தவமும் இசுலாமும், அவற்றோடு பழைய மரபுச் சமயங்கள். இப்படிப்பட்ட நாட்டில் இன மோதல் பெரிதாக வெடிக்காமல் போனது தற்செயல் அல்ல. எந்தப் பெரிய இனத்துக்கும் தாய்மொழியாக இல்லாத சுவாகிலியை எல்லாருக்கும் பொதுமொழியாக்கினார். 1960களில் பெரியவர்களுள் மூன்றில் இருவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. 1980களின் தொடக்கத்தில், அரசுக் கணக்குப்படி, ஐந்தில் நால்வருக்குத் தெரிந்தது. ஏழை நாடு ஒன்று இருபது ஆண்டுகளுக்குள் இதைச் செய்தது.

1967 பிப்ரவரியில் அருசா அறிக்கை வந்தது. திருத்தந்தை ஆறாம் பவுல் மக்களினங்களின் முன்னேற்றம் பற்றிய சுற்றுமடலை வெளியிட்டது அதே ஆண்டு மார்ச்சு மாத இறுதியில். இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் படிப்பவர்களுக்கு ஒரே ஏக்கம் இரண்டிலும் தெரியும். வங்கிகளும் பெரிய தொழில்களும் பொதுவுடைமையாயின. அந்த அறிக்கையில் என்னை மிகவும் ஈர்த்தது தலைவர்களுக்கான ஒழுங்குமுறை. கட்சியிலோ அரசிலோ பொறுப்பில் இருப்பவர் நிறுவனப் பங்குகள் வைத்திருக்கக் கூடாது, இயக்குநராக இருக்கக் கூடாது, இரண்டு சம்பளம் வாங்கக் கூடாது, வீடு கட்டி வாடகைக்கு விடக் கூடாது. வாடகைக்கு விடுவது கூடவா குற்றம் என்று நீங்கள் கேட்கலாம். மக்களுக்கு வீட்டு வாடகையை நிர்ணயிக்கும் இடத்தில் இருப்பவரே வீட்டுக்காரராகவும் இருந்தால் யார் பக்கம் பேசுவார் என்பதே அவருடைய கேள்வி. நம் பங்குப் பேரவைகளுக்கும் இப்படி ஓர் ஒழுங்கு வைத்தால் எத்தனை பேர் மிஞ்சுவோம் என்று சில நேரம் நினைப்பதுண்டு. பங்குத்தந்தையையும் சேர்த்துத்தான்!

இனி மீதிப் பாதி.

முதலாவது, நம் திருஅவைக்கே வலித்த செய்தி. அன்றாடத் திருப்பலியைத் தவறவிடாத இந்தக் கத்தோலிக்கத் தலைவர்தான் 1969ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின் வழியாக மறைத்தளப் பள்ளிகளை அரசுடைமையாக்கினார். மறைப்பணியாளர்கள் ஒரு நூற்றாண்டாகக் கட்டியவை அவை. அவரே அத்தகைய பள்ளி ஒன்றில் ஆசிரியராக இருந்தவர். ஏன் செய்தார்? நல்ல பள்ளிகள் பெரும்பாலும் கிறிஸ்தவர்களிடம் இருந்ததால், படித்தவர்களும் பதவிக்கு வருகிறவர்களும் கிறிஸ்தவர்களாகவே இருந்தார்கள், இசுலாமியப் பிள்ளைகள் பின்தங்கினார்கள். இப்படியே விட்டால் நாடு சமயக் கோட்டில் பிளக்கும் என்று அவர் கருதினார். சிறுபான்மைக் கல்வி நிறுவன உரிமைக்காக நீதிமன்றப் படியேறும் நமக்கு இது கசப்பானதுதான். உரிமை உரிமைதான், நான் அதை விட்டுக்கொடுக்கச் சொல்லவில்லை. எனினும், நம் பள்ளிகளில் யாருடைய பிள்ளைகள் இடமின்றித் திரும்பிப் போகிறார்கள் என்று ஓர் ஆட்சியாளர் கேட்டால், அந்தக் கேள்விக்கு உரிமையைக் காட்டி மட்டும் பதில் சொல்ல முடியாது. நைரேரே எடுத்த முடிவு சரியா என்பதில் எனக்கு ஐயம் உண்டு. அவர் கேட்ட கேள்வி சரியானது.

இரண்டாவதுதான் பெரிய துயரம். ‘உஜமா’ என்றால் குடும்ப உணர்வு. ஒரு குடும்பத்தைப் போல ஊரார் சேர்ந்து உழுது, சேர்ந்து பகிர்ந்து வாழும் சிற்றூர்கள் என்பது அவர் கனவு. திருத்தூதர் பணிகளில் வரும் தொடக்கக் கிறிஸ்தவர்களை நினைவூட்டும் கனவு. மக்கள் விரும்பி வர வேண்டும், யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்று அவரே எழுதினார், பேசினார். மக்கள் எதிர்பார்த்த வேகத்தில் வரவில்லை. 1973இன் இறுதியில் சிற்றூர்களில் குடியேறுவது கட்டளையாக மாறியது. அடுத்த மூன்று ஆண்டுகளில் இலட்சக்கணக்கான மக்கள் பரம்பரை நிலத்திலிருந்து பெயர்த்து எடுக்கப்பட்டார்கள். திரும்பிப் போய்விடக் கூடாது என்பதற்காகப் பல இடங்களில் பழைய குடிசைகள் கொளுத்தப்பட்டன. கூடவே வறட்சியும் சேர்ந்துகொள்ள, 1974-75இல் நாடு வெளியிலிருந்து தானியம் வாங்கி உண்ணும் நிலைக்கு வந்தது. புதிய ஊர்களில் பள்ளிக்கூடம், மருந்தகம், குடிநீர் எளிதாகக் கொடுக்க முடிந்தது என்பதும் உண்மை. வீட்டைக் கொளுத்திவிட்டுக் கொடுத்த குடிநீர் என்பதும் உண்மை.

மூன்றாவது, சிறை. விடுதலை பெற்ற மறு ஆண்டே, 1962இல், விசாரணையின்றிக் காவலில் வைக்கும் சட்டம் வந்தது. தொழிற்சங்கத் தலைவர்களும் பழைய தோழர்களும் அதில் உள்ளே போனார்கள். முன்னாள் அமைச்சர் அப்துல் ரகுமான் பாபு 1972இல் அடைக்கப்பட்டு ஆறு ஆண்டுகள் கழித்தே வெளியே வந்தார். 1965 முதல் நாட்டில் ஒரே கட்சிதான். அந்தக் கட்சிக்குள்ளேயே இரு வேட்பாளர்கள் போட்டியிடலாம், மக்கள் அமைச்சரையும் தோற்கடிக்கலாம் என்று ஓர் ஏற்பாடு இருந்தது, பல அமைச்சர்கள் தோற்கவும் செய்தார்கள். ஆனால் தலைவரையும் கட்சியையும் தோற்கடிக்க வழியில்லை. ஏழை நாடு கட்சிச் சண்டையில் சிதறக் கூடாது என்பது அவர் வாதம். நல்லவர் கையில் இருக்கும் அதிகாரம் நல்லதே செய்யும் என்று நம்பினார் என நினைக்கிறேன். நல்லவர் போன பிறகு அந்த அதிகாரம் அங்கேயே இருக்கும் என்பதை அவர் போதிய அளவு எண்ணிப் பார்க்கவில்லை.

ஆனால் பதவியை விட்டு இறங்கத் தெரிந்தவர் அவர். 1985இல், யாரும் தள்ளாமல், தாமாகவே விலகி, அலி ஹசன் முவின்யி என்ற இசுலாமியரிடம் நாட்டை ஒப்படைத்துவிட்டுப் புட்டியாமாவுக்கு உழவு செய்யப் போனார். அன்றைய ஆப்பிரிக்காவில் அப்படி இறங்கியவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். 1979இல் இடி அமீனை வீழ்த்திய போரும், உற்பத்தி செய்யத் தெரியாத அரசு நிறுவனங்களும், எண்ணெய் விலையும் சேர்ந்து கருவூலத்தைக் காலியாக்கியிருந்தன. தம் பொருளாதாரக் கொள்கை பல இடங்களில் தோற்றதை அவர் பொதுவில் மறைக்கவில்லை. 1990இல், ஒரு கட்சி முறையைக் கேள்வி கேட்பது பாவமல்ல என்று அதை நிறுவியவரே சொன்னார். 1992இல் பல கட்சிகள் வந்தன. வாழ்வின் இறுதி ஆண்டுகளில் புருண்டி நாட்டின் இன மோதலைத் தீர்க்கும் பேச்சுவார்த்தைக்குத் தலைமை தாங்கிக்கொண்டிருந்தார். அவர் இறந்த பிறகு அதை நெல்சன் மண்டேலா ஏற்று நடத்தி, 2000ஆம் ஆண்டு ஆகஸ்டில் உடன்பாடு எட்டப்பட்டது. அந்த இறுதிக் காலத்திலேயே நற்செய்திகளையும் திருத்தூதர் பணிகளையும் சுவாகிலிச் செய்யுளாக வடித்தார்.

நாடாள்பவரைப் பீடத்தில் வைக்கத் திருஅவை தயங்குவதில் பொருள் உண்டு. ஆனால் தயங்கிக்கொண்டே ஒதுங்கிவிடவும் இல்லை. இரண்டாம் வத்திக்கான் சங்கம் பொதுநலனுக்காக அரசியல் பொறுப்பேற்போரைப் பாராட்டியது. 2000ஆம் ஆண்டில் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல், புனித தாமஸ் மூரை அரசியலாளரின் பாதுகாவலராக அறிவித்தார். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வித்திட்ட இராபர்ட் சூமான் 2021இல் ‘வணக்கத்துக்குரியவர்’ நிலைக்கு உயர்த்தப்பட்டார். இத்தகைய ஆய்வுகளில் எதிர்ச் சாட்சியங்களைத் தேடி வாதாடுவதற்கென்றே முன்பு ஒருவர் இருந்தார். மக்கள் அவரைச் ‘சாத்தானின் வழக்கறிஞர்’ என்று வேடிக்கையாக அழைத்தார்கள். 1983இன் சீர்திருத்தத்தில் அந்தப் பொறுப்பின் வடிவம் மாறியது, எதிரானதையும் திரட்ட வேண்டும் என்ற கடமை மாறவில்லை. அப்படியானால் குடிசை எரிந்தவர்களின் பிள்ளைகளும், சிறையிருந்தவர்களின் குடும்பத்தாரும் முசோமாவின் ஆய்வில் சாட்சிகளாக வர இடம் உண்டு, வரவும் வேண்டும். புனிதர் என்பவர் தவறே செய்யாதவர் அல்லர் என்பது மறைக்கல்வி வகுப்பிலேயே நாம் படித்தது. ஆனால் தனிமனிதர் செய்த தவறை ஒப்புரவு அருளடையாளத்தில் அறிக்கையிடலாம். இலட்சம் பேரை இடம்பெயர்த்த கொள்கையை எந்த ஒப்புரவு இருக்கையில் அறிக்கையிடுவது? இதற்கு என்னிடம் முழுமையான விடை இல்லை. உரோமை அவசரப்படாமல் இருப்பது நல்லது என்றே எனக்குப் படுகிறது.

இந்தக் கேள்வி அவரது நாட்டில் ஏன் இன்று சூடாக இருக்கிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். அவர் தொடங்கிய கட்சி, 1977இல் சான்சிபார் கட்சியோடு இணைந்து வேறு பெயர் பெற்று, விடுதலை முதல் இடைவிடாமல் ஆட்சியில் இருந்து வருகிறது. 2025 ஏப்ரலில் எதிர்க்கட்சித் தலைவர் துண்டு லிசு கைது செய்யப்பட்டு, அவர்மீது தேசத்துரோக வழக்குத் தொடரப்பட்டது. அவரது கட்சி தேர்தலில் நிற்கத் தடை விதிக்கப்பட்டது. அந்த மாத இறுதியில் ஆயர் பேரவையின் பொதுச்செயலர் அருள்பணி சார்லஸ் கிட்டிமா தாக்கப்பட்டுக் காயமுற்றார். 2025 அக்டோபர் 29 தேர்தலில் குடியரசுத் தலைவர் சாமியா சுலுகு ஹசன் ஏறத்தாழ 98 விழுக்காடு வாக்குப் பெற்றதாக அறிவிக்கப்பட்டது. தெருவில் இறங்கிய மக்கள்மீது துப்பாக்கிகள் பாய்ந்தன, இணையம் முடக்கப்பட்டது. இறந்தோர் எத்தனை என்பதில் அரசும் எதிர்த்தரப்பும் ஒத்துப்போகவில்லை. ஆயர்கள் இந்தக் கொலைகளைக் கண்டித்தார்கள்.

இதில் வேதனை என்னவென்றால், இரு பக்கத்தாருமே ம்வாலிமுவைத்தான் சாட்சிக்கு அழைக்கிறார்கள். ஆட்சியிலிருப்போர் அவர் படத்தைச் சுவரில் மாட்டி, அவர் கட்டிய ஒற்றுமையைக் காப்பதாகச் சொல்கிறார்கள். எதிர்த்து நிற்போர், பதவியைத் துறந்தவர், மக்களின் கேள்விக்கு அஞ்சாதவர் என்று அதே படத்தைத் தூக்குகிறார்கள். இருவருக்கும் அவரிடம் ஆதாரம் உண்டு. படத்துக்கு மாலை போடுவது எளிது. அவர் ஆட்சியில் பயன்பட்ட 1962ஆம் ஆண்டுச் சட்டத்தையும், 1985இல் அவர் விட்டு இறங்கிய நாற்காலியையும் ஒரே படத்தில் பார்ப்பதுதான் கடினம்.

1970 அக்டோபரில் நியூயார்க்கில் மேரிநோல் அருள்சகோதரிகளிடையே நைரேரே ஓர் உரை ஆற்றினார். மனிதரை வறுமையில் அழுத்தி வைக்கும் அமைப்புகளுக்கு எதிரான போராட்டத்தில் திருஅவை சேரவில்லையென்றால், அது மக்களுக்குத் தேவையற்றதாகிவிடும் என்பதே அதன் சாரம். தன் ஆட்சியையும் அந்தத் தராசில் ஒருநாள் திருஅவை நிறுக்கும் என்று அவர் அப்போது எண்ணியிருப்பாரோ என்னவோ. அவரது நாட்டின் ஆயர்கள் 2025இல் பேசியது, ஒருவகையில் அவர் கேட்டுக்கொண்டதைத்தான்.

‘இறை ஊழியர்’ நிலையில் இருப்பவருக்குத் திருவழிபாட்டில் பொது வணக்கம் செலுத்தும் வழக்கம் இல்லை, இறந்த எல்லாருக்கும் போல அவருக்காகவும் மன்றாடலாம். எனவே வரும் அக்டோபர் 14 மாலைத் திருப்பலியில் நம் பங்கில் அவர் பெயரைச் சொல்லி மன்றாடுவோம். அந்த மன்றாட்டிலேயே, சிற்றூர்த் திட்டத்தில் வீடிழந்து போனவர்களையும், விசாரணையின்றிச் சிறையில் காலம் கழித்தவர்களையும், 2025 தேர்தலின்போது தார் எஸ் சலாம் தெருக்களில் விழுந்தவர்களையும் சேர்த்துக்கொள்வோம். மன்றாட்டுகளை எழுதித் தரும் பொறுப்பை இளையோர் குழுவிடம் விட்டிருக்கிறேன். இரண்டு பாதியும் வரும்படி எழுதுங்கள் என்று மட்டும் சொல்லியிருக்கிறேன்.